மூன்றாம் எண் சட்டைக்காரருக்காக: உலக ரக்பி விதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

டப்ளினிலிருந்து உலக ரக்பியின் விதிகளை வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

ஸ்க்ரம், அதாவது சிறு தவறுக்குப் பின் இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து தள்ளிப் பந்துக்குப் போட்டியிட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறை, நேரத்தைத் தின்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு பருவமும் எழுகிறது. 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லெம்ஸா தன் எல்லைக்குள் பந்தைப் பிடித்து 'மார்க்' கேட்டார், அதாவது தடையின்றி உதைக்கும் உரிமையை (ஃப்ரீ கிக்). உதைக்கவில்லை, ஸ்க்ரம் வேண்டும் என்றார். உலகமே அதைப் பேசியது. 2024 ஜூலை 1 முதல் ஃப்ரீ கிக் கிடைத்த அணி ஸ்க்ரம் கேட்கவே முடியாது என்று விதியை மாற்றினீர்கள். அடுத்த கத்திரி எங்கே விழும் என்று முன்வரிசை ஆட்டக்காரர்களும் அவர்களைப் பயிற்றுவிப்பவர்களும் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கவலையோடுதான் இதை எழுதுகிறோம்.

வாதம் செய்வதற்குப் பதில் ஒரே ஓர் ஆட்டக்காரரின் வரலாற்றை உங்கள் மேசையில் வைக்கிறோம். வேல்ஸின் ஆடம் ஜோன்ஸ். 1981-இல் பிறந்தவர், ஸ்வான்சீ பள்ளத்தாக்கின் மேல்கோடியிலுள்ள அபர்க்ராவ் ஊர்க்காரர். டைட்ஹெட் ப்ராப். வேல்ஸுக்கு 95 டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்), இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளின் சிறந்தவர்கள் சேரும் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு 5 டெஸ்ட், மொத்தம் சரியாக 100. 2005, 2008, 2012 என மூன்று கிராண்ட் ஸ்லாம், அதாவது ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்ற பட்டம். வேல்ஸின் வரலாற்றில் மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்றவர்கள் அப்போது ஆறே பேர். 1970-களில் கேரத் எட்வர்ட்ஸ், ஜெரால்ட் டேவிஸ், ஜே.பி.ஆர். வில்லியம்ஸ். அவர்களுக்குப் பின் ரயன் ஜோன்ஸ், கெதின் ஜென்கின்ஸ், ஆடம் ஜோன்ஸ். இந்த ஆறு பேரில் இரண்டு பேர் ப்ராப் என்பதை முதலில் கவனியுங்கள்.

இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக டைட்ஹெட்டின் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறோம். ஸ்க்ரம்மில் அணிக்கு எட்டுப் பேர். முன்வரிசையில் மூவர்: இடப்பக்கம் 1-ஆம் எண் லூஸ்ஹெட், நடுவில் 2-ஆம் எண் ஹூக்கர், வலப்பக்கம் 3-ஆம் எண் டைட்ஹெட். ப்ராப் என்றாலே முட்டுக்கொடுப்பவர் என்றுதான் பொருள். லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள் வெளிப்பக்கம் திறந்திருக்கும். டைட்ஹெட்டுக்கு அந்த வசதி கிடையாது. அவர் தலை எதிரணியின் லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் இடையில் செருகிக்கொள்கிறது. இரண்டு தோளிலும் ஆள். முன்னால் இரண்டு பேரின் எடை, பின்னால் தன் லாக்கும் (இரண்டாம் வரிசைக்காரர்) ஃப்ளாங்கரும் (ஓரத்தில் நிற்பவர்) தள்ளும் வேகம், இரண்டுக்கும் நடுவே அவர் முதுகெலும்பு. தன் அணி பந்து போடும்போது அவர் பின்வாங்கினால் ஸ்க்ரம் அந்தப் பக்கமாகத் திரும்பி, எட்டாம் எண் ஆட்டக்காரர் பந்தை எடுப்பதற்குள் எதிரணி வந்து விழும். அதனால்தான் அணித் தேர்வாளர்கள் பட்டியலில் முதலில் எழுதும் பெயர் டைட்ஹெட்டுடையது என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

நல்ல டைட்ஹெட்டை எப்படிக் கண்டுகொள்வது? வலது முழங்கையைப் பாருங்கள். அவர் வலக்கை எதிர் லூஸ்ஹெட்டின் இடது மேற்கைக்கு வெளியே சென்று, அவர் சட்டையை முதுகிலோ விலாவிலோ பற்ற வேண்டும். கைச்சட்டையை, கழுத்துப்பட்டியை, மார்பைப் பிடிக்கக் கூடாது. பிடி நீளமாக, முழங்கை உயர்ந்து, முன்கை நிலத்துக்கு இணையாக இருந்தால் தோள் சதுரமாக நிற்கும், முதுகு மேசைபோல் தட்டையாகும். முழங்கை கீழே தொங்கத் தொடங்கியதும் வலது தோள் சரியும். தோள் சரிந்தால் மார்பு நிலத்தை நோக்கும். அதற்கப்புறம் ஸ்க்ரம் விழுவது நொடிக் கணக்கு. லூஸ்ஹெட் செய்யும் சூழ்ச்சியும் இதைச் சுற்றித்தான். அவர் டைட்ஹெட்டின் கையை இழுத்துத் தாழ்த்தப் பார்ப்பார், இல்லையேல் இடுப்பை வெளியே தள்ளிக் கோணலாக உள்ளே நுழைந்து டைட்ஹெட்டின் நெஞ்செலும்பில் தலையைக் குடைவார். இதற்கு மருந்து கால்களில் இருக்கிறது. பாதங்கள் தோளகலத்தில், எடை முன்பாதத்தில், தோள் இடுப்பை விடத் தாழாமல். கால்களை மிகவும் பின்னால் நீட்டிவிட்டால் மடக்கித் தள்ள இடமில்லை, முகம் குப்புற விழும். மிகவும் முன்னால் வைத்துவிட்டால் முதுகு வளைந்து மேலே எழும்பிவிடும். இரண்டுமே பெனால்டி.

இதைக் கற்க, தள்ளிப் பழகும் ஸ்க்ரம் இயந்திரம் மட்டும் போதாது. ஒருவருக்கொருவர், பிறகு மூவருக்கு மூவர், பிறகு ஐவருக்கு ஐவர், கடைசியில் எட்டுக்கு எட்டு என்று படிப்படியாக உயிருள்ள எடையின்மேல் பழக வேண்டும். கழுத்தை நான்கு திசையிலும் அசையாமல் எதிர்த்து நிறுத்தும் பயிற்சி வாரம் தவறாமல் நடக்க வேண்டும். ஆண்டுகள் ஆகும். இருபத்திரண்டு வயதில் சர்வதேச அளவில் தாக்குப்பிடிக்கும் டைட்ஹெட் அபூர்வம்.

ஆடம் ஜோன்ஸ் அப்படித்தான் 2003-இல் வந்தார், நீத் அணியிலிருந்து. அந்த ஆண்டு நீத்தும் ஸ்வான்சீயும் இணைந்து ஆஸ்ப்ரேஸ் ஆனது. லூஸ்ஹெட்டில் டங்கன் ஜோன்ஸ், டைட்ஹெட்டில் ஆடம் ஜோன்ஸ். இரண்டு பேருக்கும் தோளில் புரளும் சுருள்முடி, உறவு ஒன்றும் கிடையாது. அப்போதைய வேல்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஹான்சன் அவரை ஆட்டத்தில் இறக்குவார், அரை மணி நேரத்தில் வெளியே அழைத்துவிடுவார். உடல்தகுதி அவ்வளவுதான் என்பது கணக்கு. காயம் எதுவும் இல்லாமல் முதல் பாதி முடிவதற்குள்ளேயே வெளியேற்றப்படுவது எந்த ஆட்டக்காரருக்கும் கசக்கும். ஆனால் அந்த அரை மணி நேரம் ஸ்க்ரம் அசையாமல் நின்றது. அதை நம்பித்தான் வேல்ஸ் அவரை விடாமல் வைத்திருந்தது. இரண்டே ஆண்டில், 2005 கிராண்ட் ஸ்லாமில், மூன்றாம் எண் சட்டை அவருடையதாகிவிட்டது.

அடுத்து 2009. ஸ்க்ரம் வெறும் மறுதொடக்கம்தானே என்று கேட்பவர்கள் அந்த இரண்டு வாரங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஜூன் 20, டர்பன், லயன்ஸுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் முதல் டெஸ்ட். லயன்ஸின் டைட்ஹெட் ஃபில் விக்கரி, உலகக் கோப்பை வென்ற அனுபவசாலி. எதிரே டெண்டாய் ம்டாவரிரா. ஒவ்வொரு ஸ்க்ரம்மிலும் விக்கரி மேலே தூக்கப்பட்டார். பெனால்டிமேல் பெனால்டி. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் ஆடம் ஜோன்ஸும் ஹூக்கர் மேத்யூ ரீஸும் உள்ளே வந்தார்கள். ஸ்க்ரம் நின்றது. மீதி ஆட்டத்தில் லயன்ஸ் எழுந்து வந்து 26-21 என்ற அளவுக்கு நெருங்கித்தான் தோற்றது. பதினைந்தில் இரண்டு பேர் மாறியதும் ஆட்டத்தின் சாய்வே மாறியது.

ஒரு வாரம் கழித்து பிரிட்டோரியாவின் லாஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்டில் இரண்டாம் டெஸ்ட். முன்வரிசை மூவரும் வேல்ஸ்காரர்கள்: ஜென்கின்ஸ், ரீஸ், ஆடம் ஜோன்ஸ். முதல் பாதியில் ஸ்க்ரம்மில் லயன்ஸின் கை ஓங்கியது. இடைவேளையில் 16-8 என முன்னிலை. பிறகு ஒரு ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக நின்றபடி முட்டும் கூட்டத்தில்) தென்னாப்பிரிக்காவின் பாக்கீஸ் போத்தா ஓடிவந்து மோதியதில் ஆடம் ஜோன்ஸின் தோள்மூட்டு விலகியது. போத்தாவுக்கு இரண்டு வாரத் தடை கிடைத்தது. ஜென்கின்ஸும் கன்ன எலும்பு முறிந்து வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர் வரிசையில் இருந்த ப்ராப் ஒரே ஒருவர். ஆகவே அதற்கப்புறம் ஸ்க்ரம்கள் தள்ளுதல் இல்லாத வெறும் சடங்காயின. கடைசி நிமிடத்தில் மோர்னே ஸ்டெய்ன் தன் பாதியிலிருந்து உதைத்த பெனால்டியில் தென்னாப்பிரிக்கா 28-25 என வென்று தொடரையும் எடுத்தது. தோல்விக்கு ஸ்க்ரம் ஒன்றுதான் காரணம் என்று சொல்லவில்லை. நடுக்கள ஆட்டக்காரர்கள் இருவரும் அன்று காயம்பட்டார்கள். ஆனால் அதுவரை வென்றுகொண்டிருந்த ஒரு துறை, ஆட்களில்லாமல் போனதால் அப்படியே துடைத்தெறியப்பட்டது.

அந்தப் பாடத்தை நீங்கள் கற்றீர்கள். இன்று 23 பேர் அணியில் லூஸ்ஹெட், ஹூக்கர், டைட்ஹெட் மூவருக்கும் பயிற்சி பெற்ற மாற்று ஆள் மாற்று வரிசையில் இருந்தே ஆக வேண்டும். தள்ளுதலற்ற ஸ்க்ரம் வந்தாலும் எட்டுப் பேர் நின்றே ஆக வேண்டும். இதற்கு மனமார நன்றி சொல்கிறோம். 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்லர் மூன்றாம் நிமிடத்திலேயே அடிபட்டு வெளியேறினார். டான் கோல் ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் சுமக்க வேண்டி வந்தது, எதிரே அதே ம்டாவரிரா. தென்னாப்பிரிக்கா 32-12. தள்ளுதல் நடந்தது, திறமை பேசியது. இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆடம் ஜோன்ஸின் உச்சம் 2013. மார்ச் 16, கார்டிஃப். இங்கிலாந்து கிராண்ட் ஸ்லாம் தேடி வந்திருந்தது. வேல்ஸ் பட்டத்தைத் தக்கவைக்க ஏழு புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். ஆடம் ஜோன்ஸுக்கு எதிரே இளம் லூஸ்ஹெட் ஜோ மார்லர். நடுவர் ஸ்டீவ் வால்ஷ். தொடக்க ஸ்க்ரம்களிலேயே மார்லரின் இடுப்பு வெளியே ஒதுங்கியது, கோணல் விழுந்தது, நடுவரின் கை வேல்ஸ் பக்கம் உயர்ந்தது. மூன்றாம் எண் சட்டை அடிக்கு அடி முன்னேற, லீ ஹாஃப்பென்னி மூன்று முறை கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். இடைவேளையில் 9-3. பிற்பகுதியில் அலெக்ஸ் கத்பர்ட் இரண்டு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி பெறுவது) அடித்தார், எல்லாருக்கும் நினைவிருப்பது அவைதான். 30-3. முன்வரிசை களைத்துப்போன அணியின் பின்வரிசை எங்கே நிற்கும், எவ்வளவு தாமதமாகத் தடுக்க வரும் என்று கணக்குப் பார்த்தால், அந்த ட்ரைகளின் வேர் முதல் அரை மணி நேரத்து ஸ்க்ரம்களில் இருப்பது தெரியும்.

ஜூலை 6, சிட்னி, லயன்ஸின் மூன்றாம் டெஸ்ட்டிலும் அதே கதை. ஒரு பக்கம் அலெக்ஸ் கார்பிசியரோ, மறுபக்கம் ஆடம் ஜோன்ஸ். ஆஸ்திரேலிய டைட்ஹெட் பென் அலெக்சாண்டர் மஞ்சள் அட்டை வாங்கி உட்கார்ந்தார். 41-16. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் லயன்ஸ் ஒரு தொடரை வென்றது.

அந்த வெற்றிக்குச் சில வாரங்களுக்குள் நீங்கள் ஸ்க்ரம்மின் இலக்கணத்தையே மாற்றினீர்கள். அதுவரை நடுவரின் கட்டளை 'க்ரவுச், டச், செட்' (குனி, தொடு, மோது). எதிராளியின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்து, இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்து மோதுவது. 2013-14 பருவம் முதல் 'க்ரவுச், பைண்ட், செட்' (குனி, பற்று, மோது). மோதுவதற்கு முன்பே ப்ராப்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். ஏன் மாற்றினீர்கள் என்பதில் எங்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பாத் பல்கலைக்கழகத்தார் ஸ்க்ரம் இயந்திரத்தில் உணரிகள் பொருத்தி அளந்தார்கள். சர்வதேச ஆண்கள் அணி மோதும் கணத்தில் எழுந்த உச்ச விசை 16.5 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட எடை. மோதிய பிறகு நிலையாகத் தள்ளும்போது அதில் பாதிதான். அப்படியென்றால் ஆபத்து மோதலில் இருந்தது, தள்ளலில் அல்ல. முன்பே பற்றுவதால் மோதல் விசை ஏறத்தாழ 25 சதவீதம் குறையும் என்று கண்டார்கள். கழுத்தைக் காப்பாற்றும் எந்த மாற்றத்தையும் நாங்கள் இரு கைகளாலும் வரவேற்கிறோம். 2022-இல் ஹூக்கர் ஒரு காலை முன்னே நீட்டி ஊன்றியே காத்திருக்க வேண்டும் என்று கொண்டுவந்த 'பிரேக் ஃபுட்' விதியும் அப்படிப்பட்டதே. முன்வரிசையின் தலையிலும் கழுத்திலும் எடை முன்கூட்டியே ஏறுவதை அது தடுக்கிறது.

ஆனால் விலை இருந்தது. பழைய முறையில் பாய்ந்து மோதும் கணத்திலேயே ஆடம் ஜோன்ஸ் போன்ற குட்டையான, அகன்ற, கனத்த உடல்வாகுள்ளவர் இடத்தைப் பிடித்து எதிராளியைப் பூட்டிவிடுவார். புதிய முறையில் முழு எடையும் நீண்ட நேரம் தோளில் தொங்க, பிடி தளராமல் காத்திருக்க வேண்டும். அதற்கு வேறு வகைத் தாங்குதிறன் தேவை. அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, பத்தாண்டுகளாக வேறொரு இலக்கணத்தில் பழகிய உடம்பு. நடுவர்களும் தடுமாறினார்கள். 2014 மார்ச்சில் ட்விக்கனமில், வேல்ஸுக்காக அதிக டெஸ்ட் ஆடியவர் என்ற சாதனையைத் தொட்ட நாளிலேயே, கெதின் ஜென்கின்ஸ் ஸ்க்ரம் தவறுக்காக மஞ்சள் அட்டை வாங்கினார். அந்த ஜூனில் டர்பனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் ஆடம் ஜோன்ஸ் அரை மணி நேரம் தாண்டியதும் வெளியே அழைக்கப்பட்டார். எந்தக் காலக்கெடுவில் அவர் சர்வதேச வாழ்வு தொடங்கியதோ அதே காலக்கெடுவில் முடிந்தது. அது அவருடைய 95-ஆவதும் கடைசியுமான வேல்ஸ் டெஸ்ட். 2015 ஜனவரியில் அணியில் பெயர் இல்லை என்றதும் ஓய்வை அறிவித்தார். விதி மாற்றம் ஒன்றுதான் காரணம் என்று சொல்வது அவருக்குப் பின் வந்த சாம்சன் லீ போன்றவர்களுக்கு நியாயமாகாது. ஆயினும், ஒரு கைத்தொழிலின் அளவுகோலைச் சில மாத அவகாசத்தில் மாற்றினால் அதன் சிறந்த கைவினைஞரே முதலில் தடுமாறுவார் என்பதை அந்தப் பத்து மாதங்கள் காட்டின.

அந்த அறிவு வீணாகவில்லை. கார்டிஃப் ப்ளூஸ் வழியாக லண்டனின் ஹார்லிக்வின்ஸ் சென்று, 2018 வரை ஆடி, அங்கேயே ஸ்க்ரம் பயிற்சியாளரானார். 2021-இல் அந்த அணி இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப்பை வென்றபோது முன்வரிசையைச் செதுக்கிய கை அவருடையது. மேலே சொன்ன கைல் சிங்க்லரும் அந்தப் பட்டறையில் பழகியவரே. புதிய முறையில் எங்கே எப்படிப் பற்ற வேண்டும் என்பதைப் பழைய முறையின் ஆசான்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முன்வரிசையின் நிற்கும் முறையையோ பற்றும் முறையையோ தொடும் எந்த மாற்றத்தையும் குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே அறிவியுங்கள். முதலில் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் தொடங்குங்கள். அங்கே ஏற்கெனவே ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது, 45 பாகைக்கு மேல் திருப்பக் கூடாது என்ற வேலி இருக்கிறது. பிழை நடந்தாலும் சேதம் குறைவு, கற்கும் உடம்பும் இளசு.

ஸ்க்ரம் விழுந்தால் யார் பின்னால் போனாரோ அவரையே தண்டிக்கும் வழக்கம் நடுவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. நடுவர் ஒரு பக்கத்தில்தான் நிற்க முடியும், மறுபக்கத்து வலது முழங்கை அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கக் கோட்டு நடுவரின் காதில் ஏற்கெனவே கருவி இருக்கிறது. எதிர்ப்பக்கத்துப் பிடியை 'செட்' சொல்வதற்கு முன் அவர் உறுதிசெய்து சொல்ல வேண்டும் என்று நடைமுறையாக்குங்கள். பிடி எங்கே இருந்தது, முதலில் யார் முழங்கை தாழ்ந்தது என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பாதி மறு ஸ்க்ரம்கள் குறையும். நேரம் மிச்சமாவது அங்கேதான்.

பந்து எட்டாம் எண் ஆட்டக்காரரின் காலடிக்கு வந்துவிட்ட பிறகும், எடுக்காமல் பெனால்டிக்காகத் தள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கம் ஸ்க்ரம்மின் பெயரைக் கெடுக்கிறது. ஸ்க்ரம் அசையாமல் நின்று, 3 முதல் 5 நொடி பந்து பின்னால் கிடந்தால் 'யூஸ் இட்' என்று நடுவர் சொல்ல வேண்டும் என்பது உங்கள் விதியே. ஓரடி முன்னேறி நின்றுபோன ஸ்க்ரம்மையும் அசையாத ஸ்க்ரம் என்றே கணக்கிடச் சொல்லுங்கள். ஆதிக்கம் செலுத்திய அணிக்கு முன்னோக்கி நகரும் மேடை கிடைக்கிறது, பார்ப்பவர்களுக்கு ஆட்டம் கிடைக்கிறது. அதேபோல் பந்தை நேராகப் போட வேண்டும் என்ற விதியை நடுவர்கள் உண்மையாகவே கண்காணித்தால் ஹூக்கர் மறுபடியும் காலால் கொக்கிபோட்டு இழுப்பவர் ஆவார். அப்போது எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தள்ளும் அழுத்தம் தானாகவே குறையும்.

கடைசியாக ஒன்று. ஸ்க்ரம்களின் எண்ணிக்கையை இதற்குமேல் விதியால் குறைக்க வேண்டாம். ஆட்டத்துக்கு ஆறேழு ஸ்க்ரம்தான் என்றாகிவிட்டால், எந்தப் பயிற்சியாளரும் ஓட்டக் குறைவான, ஆனால் முதுகு வளையாத, இருபத்திரண்டு வயதுப் பையனை அரை மணி நேரத்துக்காக இறக்க மாட்டார். மெலிந்து வேகமாக ஓடுகிற இன்னொரு ஃப்ளாங்கரை மூன்றாம் எண் சட்டைக்குள் திணித்துவிடுவார். அபர்க்ராவ் போன்ற ஊர்களில் இப்போதும் அப்படியொரு பையன் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறான். அவனுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்கிறோம்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
முன்வரிசையை நெடுநாளாகக் கூர்ந்து கவனித்து வரும் ரக்பி அன்பர்கள்